கட்டை விரலை ஆட்டுங்க

இதயத்துல இருந்து கிளம்பற பெரிய ரத்தக்குழாய் புடைச்சுப் போனதுக்கு அப்பாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு 14 மாசம் ஆகுது. இதைப் பத்தி எழுதணும்னு நினைச்சு நினைச்சு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன், எழுத உட்கார்ந்தாலே அந்த ஐசியு கண்ணாடிக் கதவுதான் கண்ணுக்கு முன்னாடி வந்து நிக்கும். போன வாரம் பக்கத்து ஊர்ல இருந்து ஒருத்தர் அவங்க அண்ணனோட ஸ்கேன் கவரை கக்கத்துல வச்சுக்கிட்டு வீடு தேடி வந்துட்டாரு, அவங்க அண்ணனுக்கும் அப்பாவுக்கு வந்த அதே வியாதி, "தம்பி நீங்க பார்த்திருக்கீங்களே, பண்ணலாமா வேண்டாமா"ன்னு கேட்டாரு. ரெண்டு மணி நேரம் பேசினோம். அவர்கிட்ட சொன்னதைத்தான் இங்க எழுதுறேன், கூடவே அவர்கிட்ட சொல்ல வாய் வராத ஒண்ணையும்.

அப்பா லாரி டிரைவர். கோவில்பட்டியில இருந்து தீப்பெட்டி லோடு ஏத்திக்கிட்டு நாக்பூர், ஜெய்ப்பூர் வரைக்கும் போயிட்டு வருவாரு, 34 வருஷம் ஓட்டினாரு. ராத்திரி தூக்கம் வராம இருக்க பீடி, ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு. இந்த வியாதிக்கு புகை எவ்வளவு பெரிய காரணம்னு எங்களுக்கு அப்புறம்தான் தெரிஞ்சது, நுரையீரலுக்குத்தான் கெடுதல்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம், அது ரத்தக்குழாய் சுவரையே அரிச்சுட்டு இருந்திருக்கு.

இதயத்துல இருந்து கிளம்பி நெஞ்சு வழியா வளைஞ்சு முதுகெலும்பை ஒட்டி கீழ இறங்கி தொப்புள் மட்டத்துல ரெண்டா பிரிஞ்சு ரெண்டு காலுக்கும் போற பெரிய குழாய்தான் அயோர்ட்டா, தமிழ்ல பெருந்தமனி. வயித்துப் பக்கம் அது சாதாரணமா 2 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். 3 சென்டிமீட்டரைத் தாண்டினா அனியூரிசம்னு சொல்றாங்க, அதாவது சுவர் பலவீனமாகி புடைச்சுக்கிட்டு நிக்குது. ஆம்பளைங்களுக்கு வயித்துல 5.5, பொம்பளைங்களுக்கு 5.0 தாண்டினா ஆபரேஷன் பத்தி பேச ஆரம்பிச்சுடுவாங்க. அதுக்குக் கீழ இருந்தா ஸ்கேன் எடுத்து எடுத்து பார்த்துக்கிட்டே இருக்கணும். புடைப்பு பெருசாக பெருசாக சுவர் மெலிசாகும், சுவர் மேல இழுவிசையும் கூடும், அதனால ஒரு அளவுக்கு மேல அது தானா நிக்காது. வெடிச்சா பாதிப் பேருக்கு மேல ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்து சேர மாட்டாங்க. அப்பாகிட்ட டாக்டர் இதைச் சொன்னப்போ அப்பா உடனே, "டயர் சைடுல புடைச்சுக்கிட்டு நிக்குமே, அது மாதிரியா சார்"ன்னாரு. டாக்டர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "அதேதான்"னாரு.

எங்களுக்கு மனசு ஆறாத ஒரு விஷயம் இருக்கு. ஆபரேஷனுக்கு மூணு வருஷம் முன்னாடி அப்பாவுக்கு கிட்னியில கல்லுன்னு ஒரு இடத்துல வயித்து ஸ்கேன் எடுத்தோம். கல்லுக்கு மருந்து கொடுத்தாங்க, சரியாச்சு, ரிப்போர்ட்டை பீரோவுல அம்மா பட்டுப்புடவைக்கு அடியில வச்சுட்டாங்க. அப்புறமா எடுத்துப் பார்த்தா அதுல நாலாவது வரியிலயே பெருந்தமனி 4.4 சென்டிமீட்டர், புடைப்பு இருக்குன்னு இங்கிலீஷ்ல தெளிவா அடிச்சிருக்கு. ஸ்கேன் எடுத்தவர் எழுதிட்டாரு, மருந்து எழுதினவர் கல்லை மட்டும் பார்த்தாரு, நாங்களும் படிக்கல. அன்னைக்கே யாராவது அந்த வரியை வாசிச்சு சொல்லியிருந்தா பீடியை விட்டிருப்பாரு, வருஷா வருஷம் ஸ்கேன் பார்த்திருப்போம். தயவுசெஞ்சு உங்க வீட்டுல இருக்கற பழைய ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாத்தையும் ஒரு தடவை எடுத்து முழுசா படிங்க, இங்கிலீஷ் தெரிஞ்ச ஒரு பிள்ளைகிட்ட கொடுத்தாவது படிக்கச் சொல்லுங்க.

திரும்ப கண்டுபிடிச்சது முதுகுவலிக்குப் போனப்போ. வயித்துல 6.3. சென்னைக்குப் போய் சிடி ஆஞ்சியோ எடுத்தா நெஞ்சுலயும் 6.6. இடது கைக்குப் போற குழாய் பிரியற இடத்துக்குக் கொஞ்சம் கீழ ஆரம்பிச்சு, தொப்புள்கிட்ட ரெண்டா பிரியற வரைக்கும் மொத்தக் குழாயும் புடைச்சிருந்துச்சு. இதை கிராஃபோர்டு வகை 2ன்னு சொல்றாங்க. அமெரிக்காவுல ஹூஸ்டன்ல ஸ்டான்லி கிராஃபோர்டுன்னு ஒரு சர்ஜன் இருந்தாரு, எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு பார்த்து இதை நாலு வகையா பிரிச்சவர் அவர்தான், பின்னாடி அஞ்சாவது ஒண்ணும் சேர்த்தாங்க. நாலு வகையிலயும் ரெண்டாவதுதான் நீளம், அதுதான் ஆபத்தும் ஜாஸ்தி.

வயித்துல கிட்னிக்குக் கீழ மட்டும் புடைப்பு இருந்தா வேலை ஓரளவு சுலபம், தொடை வழியாவே ஸ்டென்ட் கிராஃப்ட், அதாவது கம்பி வலை வச்ச துணிக்குழாயை ஏத்தி உள்பக்கமா அடைச்சுடலாம், 1990ல அர்ஜென்டினாவுல பரோடின்னு ஒரு டாக்டர் அதை செஞ்சு காட்டினதுல இருந்து உலகம் பூரா அது வந்துடுச்சு. அப்பாவுக்கு இருந்த மாதிரி இருந்தாதான் சிக்கல். ஏன்னா நடுவுல நாலு முக்கியமான கிளை பிரியுது, கல்லீரல் இரைப்பைக்கு ஒண்ணு, குடலுக்கு ஒண்ணு, ரெண்டு கிட்னிக்கும் ரெண்டு. குழாயை மாத்தினா இந்த நாலையும் புதுக் குழாயோட சேர்க்கணும், சேர்க்கற வரைக்கும் அந்த உறுப்புகளுக்கு ரத்தம் எப்படியாவது போயாகணும். இது போக முதுகுப் பக்கமா ஜோடி ஜோடியா சின்னச் சின்ன குழாய் பிரியும், அதுல சிலதுதான் தண்டுவடத்துக்கு ரத்தம் கொடுக்குது. அதுல பெருசா இருக்கறதுக்கு ஆடம்கீவிச் தமனின்னு பேரு, நெஞ்செலும்புக் கூடு முடியற மட்டத்துல பெரும்பாலும் இடது பக்கமா இருக்கும், ஆனா ஆளுக்கு ஆள் இடம் மாறும். காலை அசைக்கற நரம்பெல்லாம் அந்தத் தண்டுவடத்தை நம்பித்தான் இருக்கு.

ஸ்டென்ட் முறையிலயே கிளைகளுக்கு ஓட்டையும் கிளைக்குழாயும் வச்சு அந்த ஆளோட அளவுக்குத் தைச்சுத் தர்ற கிராஃப்ட் இருக்குன்னாங்க, வெளிநாட்டுல ஆர்டர் கொடுத்து வர வாரக்கணக்காகும். நெஞ்சைத் திறக்க வேண்டாம், வயசானவங்களுக்கும் நுரையீரல் கெட்டவங்களுக்கும் அது பெரிய வரம். ஆனா கிராஃப்ட்டுக்கு மட்டும் எங்களுக்குச் சொன்ன தொகை ஊர்ல இருக்கற வீட்டை வித்தாலும் வராது. அதுலயும் கால் போற ஆபத்து இல்லாம இல்ல, கிராஃப்ட்டுக்குப் பக்கவாட்டுல ரத்தம் கசியும், எண்டோலீக்னு சொல்றாங்க, அதனால ஆயுசு பூரா ஸ்கேன் எடுத்துக்கிட்டே இருக்கணும். அப்பாவுக்கு 66 வயசு, இதயம் நல்லா இருந்துச்சு, கடைசியில திறந்து பண்றதுன்னு முடிவாச்சு.

ஆபரேஷனுக்கு ஆறு வாரம் முன்னாடி பீடியை நிறுத்தச் சொன்னாங்க, நிறுத்திட்டாரு, சத்தியமா நிறுத்திட்டாரு. மூணு பந்து இருக்கற ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தாங்க, மூச்சை உள்ள இழுத்தா பந்து மேல ஏறும். முதல் நாள் ஒரு பந்துதான் ஏறுச்சு. திண்ணையில உட்கார்ந்து காலையில 20 தடவை சாயங்காலம் 20 தடவைன்னு இழுத்து இழுத்து அஞ்சாவது வாரத்துல மூணு பந்தையும் மேல நிறுத்தினாரு, எதிர்வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் கை தட்டுச்சுங்க.

ஆபரேஷனை சர்ஜன் ஒரு லேப் ரிப்போர்ட் பின்பக்கத்துல படம் போட்டுக் காட்டினாரு. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு இடது பக்கம் விலா நடுவுல ஆரம்பிச்சு வயிறு வரைக்கும் கீறல், நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கற உதரவிதானத்தையும் வெட்டணும், இடது நுரையீரலை சுருக்கி வச்சுட்டு வலது நுரையீரல்ல மட்டும் மூச்சு. மேல கிளாம்ப் போட்டு அடைக்கறப்போ கீழ் உடம்புக்கு ரத்தம் போக பம்ப் வச்சு ஒரு மாத்து வழி. உடம்பு சூட்டை 32, 34 டிகிரிக்குக் கொண்டு வருவாங்க. கிட்னிக்கு 4 டிகிரி குளிர்ந்த திரவத்தை ஊத்திக்கிட்டே இருப்பாங்க. அப்புறம் புடைச்ச குழாயைத் திறந்து புதுக் குழாயை தைச்சு, கிளைகளை ஒண்ணொண்ணா சேர்த்து, முதுகுப் பக்கத்துக் குழாய்ல முக்கியமானதையும் சேர்த்துத் தைப்பாங்க.

புதுக் குழாய் எதுல செஞ்சதுன்னு அம்மா கேட்டாங்க. டேக்ரான். அதாவது பாலியெஸ்டர், அந்தக் காலத்துல டெர்லின் சட்டைன்னு போட்டோமே அதே சரக்கு. 1950கள்ல ஹூஸ்டன்ல மைக்கேல் டிபேக்கின்னு சர்ஜன், துணிக்கடைக்குப் போய் நைலான் கேட்டிருக்காரு, இல்லன்னு டேக்ரானைக் கொடுத்திருக்காங்க, அதை வீட்டுக்குக் கொண்டு போய் பொண்டாட்டியோட தையல் மெஷின்ல அவரே குழாயா தைச்சிருக்காரு, அங்க இருந்து ஆரம்பிச்சதுதான் இது. அம்மா 30 வருஷமா ஜாக்கெட் தைக்கிறவங்க. இதைக் கேட்டதும் அவங்க முகத்துல இருந்த பயம் கொஞ்சம் இறங்குச்சு, "தையல் தெரிஞ்ச ஆளுதான் ஆரம்பிச்சிருக்காரு"ன்னாங்க.

இப்போ அந்த விஷயத்துக்கு வர்றேன். படம் போட்டு முடிச்சுட்டு சர்ஜன் பேனாவை மூடிட்டு ஆபத்தைச் சொன்னாரு. உயிர் போகலாம். ரெண்டு காலும் விழுந்து போகலாம், ஆபரேஷன் முடிஞ்சு முழிச்ச உடனேயும் ஆகலாம், நல்லா காலை ஆட்டிட்டு இருந்து ரெண்டு மூணு நாள் கழிச்சும் ஆகலாம். கிட்னி செயலிழக்கலாம், பக்கவாதம் வரலாம், குரல் கம்மிப் போகலாம். நான் ராத்திரி உட்கார்ந்து தேடித் தேடிப் படிச்சேன். கிராஃபோர்டு 1,509 பேருக்கு செஞ்சதுல முதல் 30 நாள்ல 8 சதவீதம் பேர் இறந்திருக்காங்க, 16 சதவீதம் பேருக்கு கால் முழுசாவோ பாதியாவோ போயிருக்கு, அது 1993ல வந்த கணக்கு. அதே ஹூஸ்டன்ல கொசெல்லின்னு சர்ஜன் 3,309 ஆபரேஷனோட கணக்கை 2016ல போட்டிருக்காரு, அதுல இறப்பு 7.5, நிரந்தரமா கால் முழுசா போனது 2.9, நிரந்தர டயாலிசிஸ் 5.7 சதவீதம். பாதியா போனதை அந்த 2.9ல சேர்க்கல, இருந்தாலும் கால் விஷயம் குறைஞ்சிருக்கு பாருங்க. ஆனா இது உலகத்துலயே இந்த ஆபரேஷனை ரொம்ப அதிகமா பண்ற இடங்கள்ல ஒண்ணோட கணக்கு. வருஷத்துக்கு ரெண்டு மூணு பண்ற இடத்துல இதே எண் வராது. "உங்க கையில எத்தனை பண்ணியிருக்கீங்க, அதுல எத்தனை பேர் நடந்து வீட்டுக்குப் போனாங்க"ன்னு நான் கேட்டிருக்கணும். கேட்க கூச்சமா இருந்துச்சு. நீங்க கேளுங்க, நல்ல சர்ஜன் கோவிச்சுக்க மாட்டாரு.

சர்ஜன், "அப்பாவை கூப்பிடுங்க, அவர்கிட்டயும் நான் பேசணும்"னாரு. தாய்மாமா உடனே, "வேண்டாம் சார், பயந்துடுவாரு, நாங்க பக்குவமா சொல்லிக்கிறோம்"னாரு. சர்ஜன் ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தாரு. நாங்க பக்குவமா சொன்னது என்னன்னா, "வீங்கின குழாயை மாத்தப் போறாங்கப்பா, கொஞ்ச நாள் வலி இருக்கும்". ஆறு பக்கம் இங்கிலீஷ் ஃபாரம், அப்பா என் முகத்தைப் பார்த்துட்டு காட்டின இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டாரு. சாட்சி கையெழுத்து நான்.

ஏழரை மணி நேரம் ஆச்சு. மறுநாள் மத்தியானம் முழிச்சாரு. அன்னையில இருந்து ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சிஸ்டர் வந்து கால்மாட்டுல நின்னு, "அப்பா, கட்டை விரலை ஆட்டுங்க"ம்பாங்க. போர்வைக்கு வெளிய தெரியற அந்த ரெண்டு கட்டை விரல், கிளட்ச்சும் ஆக்சிலேட்டரும் மிதிச்சு மிதிச்சு நகம் தடிச்சு மஞ்சளாப் போன விரல், முதல்ல வலது ஆடும், அப்புறம் இடது. சிஸ்டர் சார்ட்ல டிக் போடுவாங்க. எதுக்கு இப்படி தூங்க விடாம எழுப்புறாங்கன்னு அப்பாவுக்குப் புரியல, எனக்குத் தெரியும்.

முதுகுல ஒரு சின்ன டியூப் போட்டிருந்தாங்க, தண்டுவடத்தைச் சுத்தி இருக்கற தண்ணியை சொட்டு சொட்டா வடிக்க. இதோட கணக்கு ரொம்ப முக்கியம், கேளுங்க. மாடியில இருக்கற டேங்குக்குத் தண்ணி ஏறணும்னா கீழ மோட்டார் பிரஷர் வேணும். தண்டுவடத்துக்கு ரத்தம் ஏறணும்னா பிபி நல்லா இருக்கணும், எதிர்ப்பக்கம் அந்தத் தண்ணியோட அழுத்தம் கம்மியா இருக்கணும். அதனாலதான் தண்ணியை வடிச்சு பிபியை உசத்தி வைக்கிறாங்க. 2002ல கொசெல்லி குழுவே 145 பேர்ல சோதனை பண்ணினாங்க, டியூப் வைக்காதவங்கள்ல 13 சதவீதம் பேருக்கு கால் பாதிப்பு, வச்சவங்கள்ல 2.6. ஆனா அந்த டியூப்பும் சும்மா இல்ல, அளவுக்கு மீறி வடிஞ்சா மண்டைக்குள்ள ரத்தக்கசிவு ஆகலாம், அதனால கண்ணுல எண்ணெய் ஊத்திக்கிட்டு பார்த்துக்கணும்.

மூணாம் நாள் டியூப்பை எடுத்தாங்க. அன்னைக்கு ராத்திரி இதயத் துடிப்பு தாறுமாறாகி பிபி இறங்கிடுச்சு. விடிகாலை 5 மணிக்கு சிஸ்டர் வந்து "அப்பா, கட்டை விரலை ஆட்டுங்க"ன்னாங்க. நான் கண்ணாடிக்கு வெளிய நிக்கறேன். அப்பா ஆட்டறதாத்தான் நினைச்சாரு, முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சது. ரெண்டு விரலும் ஆடல. சிஸ்டர் போர்வையைத் தூக்கிட்டு திரும்ப சொன்னாங்க. அப்பா தலையை லேசா தூக்கிப் பார்த்துட்டு கம்மின குரல்ல, "என் காலை எங்கம்மா வச்சிருக்கீங்க"ன்னாரு.

ஒரு மணி நேரத்துக்குள்ள திரும்ப முதுகுல டியூப் போட்டாங்க, மருந்து கொடுத்து சராசரி பிபியை 90க்கு மேல ஏத்தினாங்க, ரத்தம் ஏத்தினாங்க. அந்த சிஸ்டர் மணிக்கு ஒரு தடவை எழுப்பலைன்னா காலையில ரவுண்ட்ஸ் வரைக்கும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது, அதுக்குள்ள ரெண்டு காலும் போயிருக்கும். சாயங்காலம் வலது கட்டை விரல் துடிச்சுது. இடது கால் வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு, முழுசா வரல. நடுவுல கிட்னி சுணங்கி ரெண்டு தடவை டயாலிசிஸ், அப்புறம் சரியாச்சு. குரல் இன்னைக்கும் கம்மிதான், பெருந்தமனி வளைவுக்குக் கீழ சுத்திப் போற குரல் நரம்பு அடிபட்டிருக்குன்னாங்க. 31 நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தோம்.

பன்னிரண்டாவது நாளோ என்னவோ, வார்டுக்கு மாத்தின அன்னைக்கு, பிசியோ பண்றவர் போன பிறகு அப்பா என்னைப் பக்கத்துல கூப்பிட்டு, "காலு போகும்னு உனக்கு முன்னமே தெரியுமாலே"ன்னு கேட்டாரு. பொய் சொல்ல முடியல. தெரியும்பான்னேன். கோவப்படல. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. ரெண்டு நாள் என்கிட்ட பேசல, அம்மா கொடுத்த கஞ்சியை வாங்கிக்குவாரு, நான் கொடுத்தா வேண்டாம்பாரு.

பெருந்தமனி வியாதி வந்த ரெண்டு பேரைப் பத்திப் படிச்சேன். விஞ்ஞானி ஐன்ஸ்டீனுக்கு வயித்துல இதே வியாதி. 1948ல நிஸ்ஸென்னு சர்ஜன் புடைப்பைச் சுத்தி செலோஃபேன் தாளை வச்சுக் கட்டினாரு, அன்னைக்கு அவ்வளவுதான் செய்ய முடிஞ்சது. 1955 ஏப்ரல்ல அது கசிய ஆரம்பிச்சப்போ ஆபரேஷன் பண்ணலாம்னாங்க, அவர் வேண்டாம்னுட்டாரு, அந்த வாரமே போயிட்டாரு. டிபேக்கிக்கு 97 வயசுல அவர் வாழ்நாள் பூரா ரிப்பேர் பண்ணின அதே குழாய் உள்சுவர் கிழிஞ்சது, ஆபரேஷன் வேண்டாம்னு இருந்தாரு, நினைவு தப்பின பிறகு ஆஸ்பத்திரி கமிட்டி ராத்திரி கூடிப் பேசி 2006 பிப்ரவரியில ஆபரேஷன் பண்ணினாங்க, பிழைச்சு 2008 வரைக்கும் இருந்தாரு. இந்த ரெண்டையும் படிச்சப்போ எனக்கு ஒண்ணுதான் உறுத்துச்சு, பண்ணினாலும் பண்ணலைன்னாலும் அவங்க ரெண்டு பேருக்கும் என்ன ஆகும்னு தெரிஞ்சிருந்துச்சு. எங்க அப்பாவுக்குத் தெரியல, தெரிய விடாம பண்ணினது நான்.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்த ஒண்ணையும் சொல்லிடறேன். டிஸ்சார்ஜ் சீட்டுல சில ஆன்டிபயாடிக் வேண்டாம்னு போட்டிருந்தாங்க. யூரின் இன்ஃபெக்ஷனுக்கு உள்ளூர்ல சிப்ரோஃப்ளாக்சசின் எழுதிக் கொடுத்தாங்க, சீட்டைக் காட்டினதும் மாத்திட்டாங்க. அனியூரிசம் இருக்கறவங்களுக்கு அந்த வகை மாத்திரை வேற வழி இல்லைன்னாதான்னு அமெரிக்காவுல மருந்துகளைக் கண்காணிக்கற எஃப்டிஏ 2018 டிசம்பர்ல எச்சரிக்கை போட்டிருக்கு. இந்த வியாதி இருக்கற எல்லாரும் இதை ஒரு சீட்டுல எழுதி சட்டைப் பையில வச்சுக்கோங்க. கூடப் பிறந்தவங்களுக்கும் வர வாய்ப்பு இருக்கறதால சித்தப்பாவைக் கூட்டிட்டுப் போய் வயித்து ஸ்கேன் எடுத்தேன், பத்து நிமிஷ வேலை, 3.4 இருக்கு. ரிப்போர்ட்டை நானே வரி வரியா அவருக்குப் படிச்சுக் காட்டினேன். பீடியை அன்னைக்கு ஸ்கேன் சென்டர் வாசல்லயே போட்டுட்டாரு.

போன வாரம் வந்தவர் என்கிட்ட பேசிட்டு இருந்ததை அப்பா உள்ள இருந்து கேட்டுக்கிட்டே இருந்திருக்காரு. கம்பை ஊனிக்கிட்டு வெளிய வந்து அவர் எதிர்ல உட்கார்ந்தாரு. "உங்க அண்ணன்கிட்ட காலு போகலாம்னு சொல்லிட்டீங்களா"ன்னு கேட்டாரு. அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அப்பா இடது காலை நீட்டி கட்டை விரலை ஆட்டிக் காட்டினாரு, லேசாத்தான் ஆடும். "சொல்லிருங்க. எனக்குச் சொல்லிருந்தாலும் நான் ஆபரேஷன் பண்ணித்தான் இருப்பேன், வெடிச்சா போச்சுல்லா. ஆனா இருக்கன்குடிக்கு ஒரே ஒரு தடவை நடந்து போயிட்டு வந்து படுத்திருப்பேன்"னாரு.

அப்பா கல்யாணம் ஆனதுல இருந்து ஆடிக்கு ஆடி இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போறவரு. எனக்கு அது தெரியும், ஆபரேஷன் தேதி குறிச்சப்போ எனக்கு ஞாபகமே வரல. இந்த ஆடியில பஸ்ல கூட்டிட்டுப் போனேன். பஸ் ஸ்டாண்டுல இருந்து கோயில் வரைக்கும் ஆட்டோ வேண்டாம்னுட்டாரு, கம்பை ஊனி ஊனி நடந்தாரு, நான் ஒரு அடி பின்னாடி. பாதம் சரியா தூக்காததால இடது கால் செருப்பு மட்டும் ரெண்டு தடவை கழண்டு பின்னாடி நின்னுடுச்சு, ரெண்டு தடவையும் எடுத்துட்டுப் போய் குனிஞ்சு மாட்டி விட்டேன், என் தலையில கையை வச்சு பிடிச்சுக்கிட்டு நின்னாரு.